ஐநூறு ரூபாயில் பழவேற்காடு: யாருக்கு மலிவு?

செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பேச்சுதான். எங்கே போகலாம்? மகாபலிபுரம் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பாண்டிச்சேரி என்றால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏற்காடு, கொடைக்கானல் என்றால் பர்ஸ் ஒரு மாதிரி பார்க்கும். கடைசியில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "பழவேற்காடு போலாம்டா, தலைக்கு ஐநூறு போதும்." அவ்வளவுதான், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

அந்தக் குரல் சொல்வது பொய்யில்லை. பழவேற்காடு சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரல் பக்கத்துப் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறினால் ஊர் வந்துவிடும். ரயில் டிக்கெட்டுக்கு ஒரு டீ குடிக்கிற காசு போதும். செங்குன்றம் வழியாக பஸ்ஸிலேயே போகிறவர்களும் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் மாணவிகளுக்கு இன்னும் மலிவு.

போய் இறங்கினால் பார்க்க நிறைய இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. சென்னை என்று ஒரு நகரம் உருவாவதற்கு முன்பே இது பெரிய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டி, 1690 வரை சோழமண்டலக் கடற்கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். இப்போது கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடும்தான். ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. (செல்ஃபி எடுக்க அத்தனை பேரும் முண்டியடிப்பது அங்கேதான்.) அதே டச்சுக்காரர்கள் பஞ்ச காலத்தில் இந்தக் கரையில் ஜனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாக பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள் என்பதையும் அந்த எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தலைக்கு ஐநூறு என்றால் போகிறவருக்கு மலிவு. அந்த ஐநூறில் பழவேற்காட்டுக்கு எவ்வளவு போகிறது?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது முதலாண்டுக் கணக்கு. எட்டுப் பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4000 ரூபாய். போகவர டிக்கெட் 480. வழியில் பொன்னேரியிலோ செங்குன்றத்திலோ பிரியாணி பார்சல் எட்டு, 1200. வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே வாங்கிய தண்ணீர் பாட்டில், சிப்ஸ், கூல் டிரிங்க்ஸ் 400. திரும்பி வந்து சென்னையில் ராத்திரிச் சாப்பாடு 800. ஆக 2880 ரூபாய் ஊருக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது. மீதி 1120. அதில் படகுக்கு ஆயிரம், எட்டு டீக்கு நூற்றிருபது. நூற்றுக்கு 28 பங்கு. காலி பாட்டில்களும் பிரியாணிப் பொட்டலங்களும் மட்டும் நூற்றுக்கு நூறு ஊரிலேயே தங்கிவிடுகின்றன!

விலைகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம், கணக்கின் போக்கு மாறாது. ஊருக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு படகுக் காசு. அந்தப் படகில்தான் வில்லங்கமே இருக்கிறது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். படகு தாங்குவதைவிட அதிகம் பேர் ஏறியிருந்தார்கள், லைஃப் ஜாக்கெட் கிடையாது. அதன்பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போட்டால் சவாரி நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. தடையை மீறிப் படகு ஓடுவதாக அதற்குப் பிறகும் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. கரையில் நிற்கிறவர்களுக்கு ஏரியில் போக ஆசை. கரையில் கட்டியிருக்கும் படகுக்காரருக்கு அன்றைக்கு வலையில் ஒன்றும் விழவில்லை. நடுவில் ஒரு அறிவிப்புப் பலகை என்ன செய்யும்?

தடை என்ற ஒன்று வந்ததும் ஒரு விசித்திரம் நடக்கிறது. தடை செய்த தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாததால் இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற கணக்கு கிடையாது, காப்பீடு கிடையாது, நிர்ணயித்த கட்டணமும் கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் பேரம் வரும். பேரம் பேசுவதில் கல்லூரிப் பசங்களை மிஞ்ச முடியுமா?

படகுக்காரர் 1500 கேட்பார். "அண்ணா, ஸ்டூடண்ட்ஸ்ணா" என்று ஆரம்பித்து ஆயிரத்தில் முடிப்பார்கள். அதோடு நிற்காது. பக்கத்தில் இன்னொரு கும்பல் நிற்கும். "அவங்களையும் ஏத்திக்கலாம்ணா, தலைக்குக் குறையும்ல?" படகுக்காரருக்கும் கணக்கு தெரியும். டீசல் செலவு ஒன்றுதான், எட்டுப் பேர் ஏறினாலும் பதினெட்டுப் பேர் ஏறினாலும். ஏறுகிறவருக்குத் தலைக்குச் செலவு குறைகிறது, ஓட்டுகிறவருக்குச் சவாரிக்கு வரவு கூடுகிறது. இரண்டு பேருக்கும் லாபம் தருகிற ஏற்பாடு என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். இரண்டு பேர் கணக்கும் சேர்ந்து படகைத்தான் தண்ணீருக்குள் அழுத்துகிறது. மலிவு, மலிவு என்று தேடிப் போகிறவர்கள் கடைசியாகத் தள்ளுபடி வாங்குவது தங்கள் உயிரில்தான்.

இதைப் படகுக்காரர்களின் பேராசை என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் பழவேற்காட்டு மீனவர்கள் ஏன் ஆளேற்ற வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும்போது கடல்நீர் உள்ளே வருவது குறைகிறது. கடல்நீரோடு வரவேண்டிய மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வருவதில்லை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். அதை இன்னும் பெரிதாக்கும் திட்டத்தை எதிர்த்து இந்தக் குப்பங்கள் பல வருஷமாகக் குரல் கொடுத்து வருகின்றன. ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக்கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் என்றால், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எந்த மனிதர் வேண்டாம் என்பார்?

இங்கே ஒரு சுவையான விஷயம். படகை முறைப்படுத்துவது எப்படி என்று யாரும் வெளியிலிருந்து வந்து பழவேற்காட்டுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த ஊரில் "பாடு" என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற குப்பங்களின் மீனவர்கள் ஏரியில் மீன்படும் இடங்களைத் தங்களுக்குள் முறைபோட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஊர் கூடி, சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முடிவாகும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது, சுற்றி வரும். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து சும்மா விடாது. இந்த ஏற்பாட்டைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். பொதுச் சொத்தை ஆளாளுக்கு அள்ளினால் கடைசியில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது என்று பொருளாதார வகுப்பில் ஒரு பாடம் வருமே, அதற்குப் பழவேற்காடு எப்போதோ விடை எழுதிவிட்டது.

மீனுக்குப் பாடு போடத் தெரிந்த ஊருக்குச் சவாரிக்குப் பாடு போடத் தெரியாதா? இன்றைக்கு இந்தப் பத்துப் படகு, நாளைக்கு அந்தப் பத்துப் படகு. ஒரு படகுக்கு இத்தனை பேர், இதுதான் கட்டணம் என்று கரையில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. லைஃப் ஜாக்கெட் போடாதவருக்கு இடமில்லை. காற்று மாறினால் அன்றைக்குச் சவாரி இல்லை. காற்றைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அரசாங்கம் செய்யவேண்டியது படகைச் சோதித்து லைசென்ஸ் கொடுப்பது, காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்வது, பறவைகள் இறங்கும் பகுதிக்குள் போகாதபடி எல்லை போடுவது. பிச்சாவரத்திலும் முட்டுக்காட்டிலும் சுற்றுலாத் துறை படகு விடுகிறது. தென்சென்னைக்கு ஒரு முட்டுக்காடு இருக்கும்போது வடக்கே மட்டும் தடையும் திருட்டுச் சவாரியும் என்றால் எப்படி?

லைசென்ஸ் கொடுத்தால் விபத்தே வராது என்று சொல்ல வரவில்லை. 2009 செப்டம்பரில் தேக்கடியில் 45 பேர் இறந்தது அரசு சார்ந்த நிறுவனத்தின் படகில்தான். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சவாரிக்கு விட்டிருந்தார்கள், அதிலும் அளவுக்கு மீறிய கூட்டம். காகிதம் உயிரைக் காப்பாற்றாது, தலையை எண்ணுகிற ஆள்தான் காப்பாற்றுவார். அந்த ஆள் எங்கோ இருக்கும் அலுவலகத்தின் சம்பளக்காரராக இருப்பதைவிட, ஒரு விபத்து நடந்தால் தன் குப்பத்தின் பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தவராக இருப்பது நல்லது. 2011க்குப் பிறகு அது பழவேற்காட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பாடு முறையைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அதில் பங்கு எல்லாருக்கும் கிடையாது. பரம்பரையாக மீன்பிடிக்கும் சமூகத்து ஆண்களுக்குத்தான். பின்னால் ஏரிக்கு வந்தவர்களோடு இதனாலேயே தகராறுகள் நடந்திருக்கின்றன. இருளர் பெண்கள் வலையும் படகும் இல்லாமல், தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள வாயில் ஒரு பறியைக் கவ்வியிருப்பார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஓடி ஓடிப் படமெடுப்பது அவர்களைத்தான். (கேட்டுவிட்டு எடுப்பவர் எத்தனை பேர்?) சவாரிக்குப் புதிதாக ஒரு பாடு வந்தால் அதில் இவர்களுக்கும் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே எழுதப்பட வேண்டும். டிக்கெட் கொடுப்பது, சமைத்துப் போடுவது, ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று படகு இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பழைய பாட்டின் நியாயத்தை எடுத்துக்கொண்டு அதன் வேலியை விட்டுவிடலாம்.

ஒரு நாள் விருந்தாளிகளால் திண்டாடுகிற ஊர் இது மட்டுமல்ல. வெனிஸ் நகரமும் ஓர் உவர்நீர் ஏரிக்குள்தான் இருக்கிறது. காலையில் வந்து, கையோடு கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, படமெடுத்துக்கொண்டு மாலையில் போய்விடுகிற கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 2024 ஏப்ரலில் சில நாட்களுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் போட்டார்கள். பழவேற்காட்டுக்கு அந்த அளவுக்கெல்லாம் போகவேண்டாம். ஐந்து யூரோ என்றால் நம் பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும் :-) ஆனால் வருகிறவர் ஊருக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒரு ஊர் நினைப்பதில் தப்பில்லை.

"ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஏது காசு?" என்ற கேள்வி இந்நேரம் வந்திருக்கும். நியாயமான கேள்விதான். அதனால் ஐநூறை ஆறுநூறாக ஆக்கவேண்டாம். அதே எட்டுப் பேர், அதே 4000 ரூபாய், செலவழிக்கிற இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். டிக்கெட் 480, அதை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் எடுத்துப் போனால் ஒரு செலவு மிச்சம், ஏரிக்கும் ஒரு குப்பை மிச்சம். (தண்ணீர் பாக்கெட் உட்பட ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. அதுவும் நம் படகுத் தடை மாதிரிதான்!) திரும்பும் வழியில் டிபனுக்கு 520. பார்சல் பிரியாணி கிடையாது. மீதி 3000 ரூபாய் பழவேற்காட்டுக்கு. மத்தியானச் சாப்பாடு அங்கேயே. மடவை, கிழங்கான், இறால் என்று அன்றைக்கு வந்ததைச் சாப்பிடவேண்டும். களிநண்டைப் பார்த்து ஆசைப்பட்டால் முதலில் விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய நண்டுகள் உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிற சரக்கு. ஊர் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் அழகான கூடைகளும் பெட்டிகளும் முடைகிறார்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கினால் அடுத்த டூருக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும்! வீட்டுக்கு மீன் வாங்குவதானால் கூடைக்காரப் பெண்களிடம் வாங்கலாம். முதல் கணக்கில் 28 பங்கு வாங்கிய ஊருக்கு இப்போது 75 பங்கு. போனவர்களுக்கு ஒரு பைசா அதிகச் செலவில்லை. சிக்கனத்தை ரயிலில் காட்டியாகிவிட்டது, மீன் கூடைக்காரம்மாவிடமும் காட்டவேண்டும் என்று கட்டாயமா என்ன?

படகு? லைசென்ஸும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகில் ஏறவேண்டாம். அரை விலைக்குக் கூப்பிட்டாலும், நண்பர்கள் கேலி செய்தாலும் வேண்டாம். கல்லறைத் தோட்டம், கோட்டை மேடு, போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து இருக்கும் மகிமை மாதா கோயில், சூரியக் கடிகாரம் உள்ள பள்ளிவாசல், பாலத்தைத் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பமும் கடற்கரையும். இத்தனையும் நடந்தே பார்க்கலாம். பாலத்தின் மேல் நின்றால் ஏரி முழுக்கக் கண்ணில் விழும், கீழே படகுகள் வந்து மீன் இறக்குவதும் தெரியும். டிக்கெட் இல்லாத பால்கனி சீட் அது.

பூநாரைக்காகத்தான் படகு என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலம் முடிந்து மார்ச் வரைக்கும்தான் சீசன். பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக மேயும், மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து பறந்துவிடும். கிட்டப் போக மோட்டார் படகில் போவது, சத்தம் கேட்டு அது தூரப் போவது, இதற்கு ஆயிரம் ரூபாயா? அண்ணாமலைச்சேரிப் பக்கம் கரையிலிருந்தே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாகப் பார்க்கவேண்டும் என்றால் அதே வடக்கு ரயில் பாதையில் சூலூர்பேட்டை வரை போய், ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையோரம் நிற்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ரோட்டிலிருந்தே தெரியும்.

டிசம்பர் லீவில் கிளம்புகிறவர்கள் காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துவிடுவது நல்லது. மீன் ஏலம் சீக்கிரமே முடிந்துவிடும், வெயில் ஏறினால் கல்லறைத் தோட்டத்தில் நிற்க முடியாது. திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில் கூட்டம் இருக்கும். மீன் வாங்கியவர்கள் ஐஸ் போட்டு நன்றாகக் கட்டிக்கொள்ளவும். பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்தால், கையிலிருக்கும் புது ஓலைக் கூடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.